வாட்ச் டியூட்டி ஆப்: ஏக்கரைப் பார்க்காதீர்கள், காற்றைப் பாருங்கள்

கலிஃபோர்னியாவில் குடியிருந்துகொண்டு இந்த ஆப் இன்னும் போனில் இல்லாதவர்கள், இதைப் படித்து முடிப்பதற்குள் இறக்கிவிடுங்கள். காசு கேட்காது, விளம்பரமும் வராது. என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. அந்த அரை எங்கே போச்சு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் இதை எப்படிப் பார்ப்பது என்று கொஞ்சம் விரிவாகப் பேசியாக வேண்டும், ஏனென்றால் நம்ம ஆட்கள் நிறையப் பேர் இதை வைத்திருக்கிறார்கள், ஆனால் திறந்ததும் கண்ணில் படுகிற ஏக்கர் கணக்கைப் பார்த்து ஒன்று பதறுகிறார்கள், இல்லாவிட்டால் 'அம்பது ஏக்கர்தானே' என்று மூடி வைத்துவிடுகிறார்கள். இரண்டுமே தப்பு. இந்த மாநிலத்தில் நூறு வருஷமாக நடந்த தீவிபத்துகளை எடுத்துப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கே காட்டுத்தீ பிடித்தாலும் அதை மேப்பில் காட்டி, அடுத்தடுத்து என்ன நடக்கிறது என்று நிமிடக் கணக்கில் எழுதிக்கொண்டே வருகிற ஆப் இது. எழுதுவது மனிதர்கள். ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்கள், அழைப்பு வந்ததும் வண்டிகளை அனுப்பும் டிஸ்பாட்ச் வேலை பார்த்தவர்கள், இத்தனை வருஷமாகத் தீயணைப்புத் துறையின் ரேடியோவைக் கேட்பதையே பொழுதுபோக்காக வைத்திருந்தவர்கள். முன்பெல்லாம் இவர்கள் ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் ஆளுக்கொரு மூலையில் எழுதிக்கொண்டிருந்தார்கள், யாரைப் பின்தொடர வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு மட்டும் தகவல் கிடைக்கும். ஜான் மில்ஸ் என்பவர் 2021 ஆகஸ்டில் இவர்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார். அவர் சான் ஃப்ரான்சிஸ்கோவுக்கு வடக்கே இருக்கும் சோனோமா கவுண்டிக்காரர் (கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), 2020-இல் வால்பிரிட்ஜ் தீ அவர் இருக்கும் பக்கம் வந்தபோது எங்கே என்ன நடக்கிறது என்று தெரியாமல் திண்டாடியதுதான் ஆரம்பம். லாப நோக்கமில்லாத அமைப்பாகவே நடத்துகிறார்கள். வடக்கே சில கவுண்டிகளில் தொடங்கியது, 2025 ஜனவரிக்குள் 22 மாநிலங்களுக்குப் பரவிவிட்டது.

ஒரு சின்னத் தீ எப்படி இதில் பதிவாகிறது என்று பாருங்கள். நான் இருப்பது ஃப்ரீமான்ட்டில், அலமீடா கவுண்டி. ஜூன் பிறந்துவிட்டால் ஆல்டமான்ட் பாஸ் பக்கம் காற்றாலைகளுக்குக் கீழே காய்ந்த புல் எரிவது வாடிக்கை. போன் கிணுங்கும், திறந்தால் மேப்பில் ஒரு தீக்குறி, ஏதோ ஒரு ரோட்டின் பெயர்தான் தீக்கும் பெயர். முதல் வரி: புல்வெளி, காற்று மிதம், மேடு நோக்கி ஏறுகிறது, கட்டிடங்களுக்கு ஆபத்தில்லை. கொஞ்ச நேரம் கழித்து அடுத்த வரி: மேலே விமானம் வந்துவிட்டது, கூடுதலாக மண் தள்ளும் டோசர் கேட்டிருக்கிறார்கள். அப்புறம் ஒரு வரி வரும், முன்னேற்றம் நின்றுவிட்டது என்று. நான் காத்திருப்பது இந்த வரிக்குத்தான். அது வந்தபிறகு ஏக்கர் கணக்கு ஏறினாலும் கவலைப்பட ஒன்றுமில்லை, சரியாக அளந்திருக்கிறார்கள் என்று மட்டும்தான் அர்த்தம்.

பலர் தவறாகப் புரிந்துகொள்கிற இன்னொன்று அந்தச் சதவீதம். 40 சதவீதம் கட்டுக்குள் என்று போட்டிருந்தால் தீயில் 40 சதவீதம் அணைந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தீயின் வெளி எல்லையைச் சுற்றி எவ்வளவு தூரத்துக்கு, இதைத் தாண்டாது என்று நம்பும்படி கோடு வெட்டி (எரியக்கூடியதை அகற்றிய பட்டைதான் இந்தக் கோடு) முடித்திருக்கிறார்கள் என்பதுதான் அந்த எண். உள்ளே கொழுந்துவிட்டு எரிந்துகொண்டே இருக்கும். மேப்பில் தெரியும் சிவப்பு எல்லைக்கோடும் அப்படித்தான். அது பெரும்பாலும் இரவில் விமானம் பறந்து வெப்பத்தை அளந்து வரைந்தது, நீங்கள் பகல் இரண்டு மணிக்குப் பார்க்கும்போது பல மணி நேரம் பழசாகியிருக்கும். சாட்டிலைட் காட்டுகிற வெப்பப் புள்ளிகளும் உடனுக்குடன் வருபவை அல்ல. கோட்டுக்கு வெளியே என் வீடு இருக்கிறது, அதனால் பரவாயில்லை என்று உட்கார்ந்திருக்க இது பவுண்டரி லைன் இல்லை.

சரி, ஏக்கர் விஷயத்துக்கு வருகிறேன்.

லாஸ் ஏஞ்சலஸில் கிரிஃபித் பார்க் எல்லோருக்கும் தெரியும், ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை ஹாலிவுட் போர்டு தெரியும்படி நிறுத்தி போட்டோ எடுக்கும் இடம். 1933 அக்டோபர் 3 அன்று அங்கே தீப்பிடித்தது. அது பொருளாதார மந்தக் காலம், நிவாரண வேலைக்கு வந்த ஆயிரக்கணக்கான ஆட்கள் பார்க்கில் புதர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தீயணைக்கப் பழக்கமே இல்லாத அவர்களை மண்வெட்டியோடு பள்ளத்தாக்குக்குள் இறங்கி அணைக்கச் சொன்னார்கள், காற்று திசை மாறியது, 29 பேர் இறந்தார்கள். எரிந்தது 47 ஏக்கர். இந்த ஆப் அன்று இருந்திருந்தால் 47 என்று காட்டியிருக்கும், நாம் விரலால் தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்போம்.

இப்போது நேர் எதிரான கணக்கு. 2020-இல் மாநிலத்தின் வடக்கே எரிந்த ஆகஸ்ட் காம்ப்ளெக்ஸ் (பல தீக்களை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டால் காம்ப்ளெக்ஸ் என்பார்கள்) 10,32,648 ஏக்கர். கலிஃபோர்னியாவில் பதிவான தீக்களில் பத்து லட்சம் ஏக்கரைத் தாண்டிய முதல் தீ அதுதான். அதில் இறந்தது ஒருவர், தீயணைக்கப் போனவர். அந்த உயிர் சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. ஆனால் 47 ஏக்கரையும் பத்து லட்சம் ஏக்கரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏக்கர் என்பது ஆபத்தின் அளவே இல்லை என்று புரியும். ஊர் எவ்வளவு பக்கம், காற்று எந்தப் பக்கம், வெளியேற எத்தனை ரோடு, செய்தி எப்போது வந்தது. ஆட்களைக் கொன்றதும் காப்பாற்றியதும் இவைதான்.

நமக்குப் பக்கத்திலேயே ஓக்லண்ட் இருக்கிறது. 1991 அக்டோபர் 19 சனிக்கிழமை மலைப்பக்கம் ஒரு சின்னப் புல் தீ, அணைத்துவிட்டோம் என்று நினைத்தார்கள். மறுநாள் காலை கிழக்கிலிருந்து டயப்லோ என்கிற வறண்ட காற்று அடித்ததும் மிச்சமிருந்த கங்கு எழுந்துகொண்டது. கால்டிகாட் சுரங்கப்பாதைக்கு மேலே இருந்த அந்த மலைச்சரிவில் யூகலிப்டஸ் மரங்கள், மரப்பலகைக் கூரை போட்ட வீடுகள், கார் இரண்டு எதிரெதிரே வந்தால் ஒதுங்க இடமில்லாத வளைந்த தெருக்கள். 25 பேர் இறந்தார்கள், மூவாயிரத்தை ஒட்டிய வீடுகள் போயின. எரிந்த பரப்பு 1,600 ஏக்கர்கூட இல்லை. உதவிக்கு வெளியூர்களிலிருந்து வண்டிகள் வந்தன, ஆனால் ஓக்லண்டில் தெருக்குழாயின் வாய் மூன்று அங்குலம், மற்ற ஊர்க்காரர்களின் ஹோஸ் இரண்டரை அங்குலம், இணைப்பான் இல்லாமல் மாட்டவே முடியவில்லை. கரண்ட் போனதால் மேல்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்புகளும் நின்றன. அரை அங்குல வித்தியாசம், யோசித்துப் பாருங்கள். அதன்பிறகுதான் மாநிலம் முழுக்க எல்லா அவசரத் துறைகளும் ஒரே முறையில் வேலை செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. இத்தனைக்கும் அந்த மலைத்தொடருக்கு அது புதுசும் இல்லை. 1923 செப்டம்பரில் அதே மலையிலிருந்து இறங்கிய தீ பெர்க்லியில் 584 கட்டிடங்களைத் தின்றுவிட்டுத்தான் நின்றது, அன்றைக்கும் கிழக்குக் காற்றுதான். 1970-லும் ஓக்லண்ட் மலையில் ஒரு சுற்று எரிந்தது.

இந்த 'அதே வழி' சமாச்சாரம் இங்கே திரும்பத் திரும்ப வரும். 1964-இல் ஹான்லி தீ என்று ஒன்று, கலிஸ்டோகா பக்கம் ஒரு வேட்டைக்காரர் போட்ட சிகரெட்டில் ஆரம்பித்து, காற்று எடுத்ததும் சான்டா ரோசாவின் விளிம்புவரை வந்து நின்றது. வீடுகள் போயின, உயிர் போகவில்லை, காரணம் வழியில் அவ்வளவாக ஊரே கிடையாது. அப்புறம் அந்த வழியில் மேட்டில் ஃபவுண்டன்க்ரோவ் என்று அழகான வீடுகளாகக் கட்டினார்கள். 2017 அக்டோபர் 8 இரவு பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் அதே கலிஸ்டோகா பக்கம் டப்ஸ் தீ கிளம்பியது. சில மணி நேரத்தில் ஃபவுண்டன்க்ரோவை எரித்துவிட்டு, ஆறு வழிச் சாலையான 101-ஐயும் தாண்டி, மலையும் காடும் இல்லாத சமதரையில் இருந்த காஃபி பார்க் குடியிருப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைச் சாம்பலாக்கியது. 22 பேர் இறந்தார்கள். ஃப்ரீவேக்கு இந்தப் பக்கம் இருந்தால் தீ வராது என்று இன்றைக்கும் நம்புகிறவர்கள் காஃபி பார்க் என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

அந்த இரவில் இன்னொன்றும் நடந்தது. கவுண்டியில் உள்ள எல்லா போன்களையும் அலறவைக்கும் வசதி அதிகாரிகளிடம் இருந்தது. எல்லோருக்கும் போய்விடும், மொத்த ஜனமும் ரோட்டுக்கு வந்துவிடும், டிராஃபிக் அடைத்துக்கொள்ளும் என்று பயந்து அதைப் பயன்படுத்தவில்லை. முன்கூட்டியே பதிவு செய்து வைத்தவர்களுக்கு மட்டும் செய்தி போனது. நள்ளிரவில் தூங்கிக்கொண்டிருந்த மற்றவர்களை எழுப்பியது பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டிய சத்தமும் புகை நாற்றமும்தான். அரசின் எச்சரிக்கை வரும்வரை காத்திருக்கலாம் என்ற நம்பிக்கை வடக்கு கலிஃபோர்னியாவில் உடைந்தது அந்த இரவில்தான் என்பது என் எண்ணம். வாட்ச் டியூட்டி மாதிரி ஒன்று அதே சோனோமா கவுண்டியில் முளைத்ததில் ஆச்சரியமே இல்லை.

அடுத்த வருஷமே பாரடைஸ். 2018 நவம்பர் 8 காலை ஆறரை மணிவாக்கில் பல்கா பக்கம் மின்கோபுரத்தில் ஒரு கொக்கி அறுந்தது, ஏறக்குறைய நூறு வருஷமாகத் தொங்கித் தொங்கித் தேய்ந்த இரும்பு. எட்டு மணிக்குள் பாரடைஸ் ஊருக்குள் கங்குகள் விழத் தொடங்கிவிட்டன. 26,000 பேர் இருந்த மலையூர், நிறைய ஓய்வுபெற்ற முதியவர்கள். ஊரை மண்டலங்களாகப் பிரித்து, யார் எப்போது கிளம்ப வேண்டும் என்று திட்டமெல்லாம் வைத்திருந்தார்கள், ஏனென்றால் 2008-லேயே தீ மிரட்டி ரோடுகள் திணறியதைப் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் அந்தத் திட்டம் ஒரு மண்டலம் முதலில், அடுத்தது பிறகு என்று வரிசையாகப் போகும் என்ற கணக்கில் போட்டது. தீ எல்லா மண்டலத்திலும் ஒரே நேரத்தில் விழுந்தது. ஸ்கைவே என்ற முக்கியச் சாலையில் ஊருக்குள் ஒரு பகுதியை நான்கு வழியிலிருந்து இரண்டாகக் குறைத்திருந்தார்கள், கடைவீதியில் ஜனங்கள் நிம்மதியாக நடக்கட்டும் என்று. செல்போன் டவர்கள் எரிந்தன. பலருக்கு எச்சரிக்கையே போய்ச் சேரவில்லை. 85 பேர் இறந்தார்கள், 18,804 கட்டிடங்கள் போயின. கலிஃபோர்னியாவில் இத்தனை உயிரைக் கொண்டுபோன காட்டுத்தீ வேறு கிடையாது. பிஜி அண்ட் இ மின்கம்பெனி 2020-இல் 84 பேரின் சாவுக்கு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது, ஒவ்வொருவர் பெயரையும் நீதிபதி வாசிக்க, அன்றைய தலைமை அதிகாரி ஒவ்வொன்றுக்கும் குற்றவாளி என்று பதில் சொன்னார்.

அதற்கப்புறம் காற்றடித்தால் முன்கூட்டியே கரண்டை நிறுத்துகிறார்கள். 2019 அக்டோபரில் லட்சக்கணக்கான வீடுகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஊரில் பவர் கட்டோடு வளர்ந்த நமக்கு இது பெரிய விஷயமில்லை என்று தோன்றும், ஆனால் இங்கே கரண்ட் போனால் வைஃபை போகும், மலைப்பக்கம் சிக்னலும் தடுமாறும், ஆப் திறக்காது. இதற்கு வாட்ச் டியூட்டி என்ன செய்ய முடியும், ஒன்றும் செய்ய முடியாது. பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று வீட்டில் இருக்கட்டும். பவர் பேங்க் எல்லோரிடமும் இருக்கும், சார்ஜ் ஏற்றியதாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

காடு ஏன் இப்படி எரிகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், அரசியலைப் பொறுத்து. மழை குளிர்காலத்தில் மட்டும், மே முதல் அக்டோபர்வரை ஒரு சொட்டு கிடையாது, இந்த நிலம் எப்போதுமே எரிகிற நிலம்தான். ஆய்வாளர்கள் போட்ட ஒரு கணக்கின்படி 1800-க்கு முன்னால் வருஷத்துக்குச் சராசரியாக 44 லட்சம் ஏக்கர் இங்கே எரிந்திருக்கிறது. 2020-இல் எரிந்ததும் நாற்பது லட்சத்துக்குக் கொஞ்சம் மேலேதான். வித்தியாசம் என்னவென்றால் அன்றைக்கு எரிந்ததில் பெரும்பகுதி தரையோடு தவழ்ந்து போகும் தீ. கரூக், யூரோக் போன்ற பழங்குடி மக்கள் கூடை முடையும் குச்சிக்காகவும் ஓக் விதைக்காகவும் மான் மேயவும் வேண்டிய இடத்தில் வேண்டிய பருவத்தில் தாங்களே தீ வைத்தார்கள். 1850-இல் மாநிலம் உருவான கையோடு போட்ட சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அப்புறம் 1910-இல் ஐடஹோ, மொன்டானா பக்கம் முப்பது லட்சம் ஏக்கர் எரிந்து வனத்துறைக்குக் கிலி பிடித்தது. 1935-இல் ஒரு உத்தரவு போட்டார்கள், எந்தத் தீயானாலும் பார்த்த மறுநாள் காலை பத்து மணிக்குள் கட்டுக்குள் வந்தாக வேண்டும். நாற்பது வருஷத்துக்கும் மேல் இதே கொள்கை. கிழக்கே சியரா நெவாடா மலைத்தொடரில் மரம் நெருங்கியது, அடியில் குப்பை சேர்ந்தது. 2012 முதல் 2016 வரை வறட்சி, கூடவே பட்டை வண்டு, பத்துக் கோடிக்கு மேல் மரங்கள் நின்றபடியே செத்தன. இதோடு வெயிலும் வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறது.

தீயால்தான் விதை திறக்கிற ராட்சத செக்வோயா மரங்களையே தீ கொல்ல ஆரம்பித்துவிட்டது. இரண்டாயிரம் வருஷம் எத்தனையோ தீயைப் பார்த்து நின்றவை, 2020-இல் காஸில் தீ ஒன்றில் மட்டும் உலகில் உள்ள பெரிய செக்வோயாக்களில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டன.

ஆனால் இதே கதையைத் தெற்கே கொண்டுபோய் ஒட்டக்கூடாது. லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மலைகளில் இருப்பது நெடுமரக் காடு இல்லை, சாப்பரல் என்ற புதர்க்காடு. அங்கே பிரச்சினை தீ குறைந்தது இல்லை, மனிதர்களால் அடிக்கடி வருவதுதான், புதர் மறுபடி வளர்வதற்குள் எரிந்து எரிந்து புல்லாக மாறுகிறது, புல் இன்னும் சுலபமாகப் பற்றுகிறது. 2003-இல் சான் டியேகோவில் வழிதவறிய ஒரு வேட்டைக்காரர் உதவிக்காகக் கொளுத்திய நெருப்பு சீடர் தீயாகி 2,73,246 ஏக்கர் எரித்து 15 உயிரைக் கொண்டுபோனது. காட்டைப் பெருக்கிச் சுத்தம் செய்தால் தீராதா என்று கேட்கிறவர்களுக்கு: சியராவில் ஓரளவு உதவும், மலிபுவில் அது வேலைக்கு ஆகாது. தெற்கே அடிக்கும் சான்டா ஆனா என்கிற வறண்ட காற்று மணிக்கு எழுபது எண்பது மைல் வேகத்தில் இறங்கும்போது கங்கு தெருத்தெருவாகத் தாவும், அப்போது எரிவது காடே இல்லை, வீட்டிலிருந்து வீடு.

2020 ஆகஸ்ட் நடுவில் மழையில்லாமல் வெறும் மின்னல் மட்டும் ஒரு வார இறுதி முழுக்க அடித்தது, நூற்றுக்கணக்கான தீக்கள் ஒரே நேரத்தில். ஃப்ரீமான்ட்டுக்குக் கிழக்கே மலைகளுக்குப் பின்னால் எஸ்சியூ காம்ப்ளெக்ஸ் கிட்டத்தட்ட நாலு லட்சம் ஏக்கர், வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் சான்டா குரூஸ் மலையில் சிஇசட்யூ, வடக்கே வால்பிரிட்ஜையும் சேர்த்து எல்என்யூ. செப்டம்பர் 9 அன்று பகல் முழுக்க வானம் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது, மத்தியானம் லைட் போட்டுத்தான் சமைத்தோம். ஆபீஸ் மீட்டிங்கில் எல்லோருடைய ஜன்னலும் ஒரே கலரில் தெரிந்தது. அன்றைக்கு இந்த ஆப் இல்லை. எந்தத் தீ எங்கே, எங்களுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ள ஆறேழு வெப்சைட்டைத் திறந்து வைத்திருப்பேன், ஒன்றில் மேப், ஒன்றில் காற்றின் தரம், ஒன்றில் ஷெரிஃப் ஆபீஸ் அறிவிப்பு. அந்த ஆறேழும் இப்போது ஒரே மேப்பில் இருக்கின்றன: தீயின் எல்லை, வெளியேறும் உத்தரவு சிவப்பில், எச்சரிக்கை மஞ்சளில், காற்றின் திசையும் வேகமும், மலை உச்சிகளில் வைத்திருக்கும் அலர்ட் கலிஃபோர்னியா கேமராக்கள். அந்தக் கேமராக்கள் மாநிலம் முழுக்க ஆயிரத்துக்கும் மேல், யூசி சான் டியேகோ நடத்துவது. புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் பாதிப் பதற்றம் போய்விடும்.

2025 ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சலஸில் பாலிசேட்ஸ், ஈட்டன் என்ற இரண்டு தீக்கள் ஒரே நாளில் பற்றியபோதுதான் இந்த ஆப் பெயர் ஊரெல்லாம் பரவியது, ஆப் ஸ்டோரில் சாட்ஜிபிடியைத் தாண்டி முதலிடத்துக்கு வந்தது. (மதுரையிலிருந்து அம்மா போன் போட்டு "கெளம்பிட்டீங்களா?" என்றார். அது இங்கிருந்து முந்நூறு மைலுக்கும் மேல் தெற்கே என்று சொன்னால், டிவியில் கலிஃபோர்னியா என்றுதான் போடுகிறான் என்கிறார். அம்மா போனிலும் ஆப்பைப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று நினைத்து, வேண்டாம், ராத்தூக்கம் போய்விடும் என்று விட்டுவிட்டேன்.) அந்த வாரம் அரசுத் தரப்பு எச்சரிக்கை இரண்டு விதத்திலும் சறுக்கியது. ஈட்டன் தீ 7-ஆம் தேதி மாலை ஆறே காலுக்குப் பிடித்தது. அது எரித்த அல்டடீனா ஊரில் லேக் அவென்யூவுக்கு மேற்கே இருந்தவர்களுக்கு வெளியேறும் உத்தரவு வந்தது விடிகாலை மூன்றரை மணிவாக்கில். இறந்த 19 பேரில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் அந்த மேற்குப் பக்கத்தவர்கள். 9-ஆம் தேதி சாயங்காலம் ஒரு சிறு பகுதிக்குப் போக வேண்டிய எச்சரிக்கை தவறிப்போய் ஏறக்குறைய ஒரு கோடி பேர் வசிக்கும் மொத்த கவுண்டிக்கும் போய்விட்டது, சம்பந்தமே இல்லாத ஊர்களில் ஜனங்கள் பெட்டி கட்டினார்கள். பாலிசேட்ஸ் 23,448 ஏக்கர், ஈட்டன் 14,021. ஆகஸ்ட் காம்ப்ளெக்ஸ் பக்கத்தில் வைத்தால் தூசு. இரண்டும் சேர்ந்து 31 உயிர், 16,000 கட்டிடங்கள்.

இப்போது அந்த அரை மதிப்பெண். அறிவிப்பு கவுண்டி கணக்கில் வருகிறது. அலமீடா மாதிரிச் சின்ன கவுண்டிக்குப் பரவாயில்லை, சான் பெர்னார்டினோ மாதிரிச் சில மாநிலங்களைவிடப் பெரிய கவுண்டியில் நூறு மைல் தள்ளி எரிகிற புல்லுக்கும் போன் கிணுங்கும். நாலைந்து தடவை கிணுங்கினால் மனுஷன் சத்தத்தை அணைத்துவிடுவான், அப்புறம் நிஜமாக வரும்போது கேட்காது. புதுத் தீ எல்லாவற்றுக்கும் வேண்டாம், முக்கியமானதற்கு மட்டும் போதும் என்று செட்டிங்ஸில் குறைத்துக்கொள்ளலாம், அதைச் செய்துவிடுங்கள். இன்னொன்று ஆப்பின் குறை என்று சொல்ல முடியாது, அந்த ஏக்கர் எண்ணைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டு காற்றை முன்னால் வைத்தால் என்ன என்று எனக்கு ஒரு ஆசை. ரேடியோவில் முதலில் வருவது ஏக்கர்தான், அதனால் அப்படி வைத்திருக்கிறார்கள் போல.

புதிதாகப் போடுகிறவர்களுக்கு: முதலில் உங்கள் கவுண்டியையும், காற்று வருகிற பக்கம், அதாவது பெரும்பாலும் உங்களுக்குக் கிழக்கிலோ வடகிழக்கிலோ இருக்கும் கவுண்டியையும் தேர்ந்தெடுங்கள். பெருந்தீக்களைத் தள்ளும் டயப்லோவும் சான்டா ஆனாவும் கடல் பக்கமிருந்து வருவதில்லை, நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிப்பவை. வானிலைத் துறை ரெட் ஃப்ளாக் எச்சரிக்கை, அதாவது தீ வேகமாகப் பரவும் அபாய எச்சரிக்கை கொடுத்த நாளில் பெட்ரோல் டேங்க் பாதிக்குக் கீழே போக விடாதீர்கள், எலக்ட்ரிக் கார் என்றால் கரண்ட் போவதற்கு முன்னால் சார்ஜ். உங்கள் வீடு எந்த வெளியேற்ற மண்டலத்தில் வருகிறது என்று பார்த்து, அதன் எண்ணை ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள், ஏனென்றால் அறிவிப்பில் தெருப் பெயர் வராது, அந்த எண்தான் வரும். பாஸ்போர்ட், ஐ-797 என்ற விசா ஒப்புதல் தாளின் ஒரிஜினல்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், நகை, மாத்திரை எல்லாம் ஒரே பையில். வீட்டைச் சுற்றி முதல் ஐந்து அடிக்கு எரிகிற எதுவும் இருக்கக்கூடாது என்கிறார்கள் தீயணைப்புத் துறையினர், மரத்தூள் பரப்பி ரோஜா வைத்திருப்பவர்களுக்குக் கசக்கும், ஆனால் பல வீடுகள் பற்றுவது தீ நேராக வந்து இல்லை, அந்த மரத்தூளில் விழும் கங்கினால்தான்.

இன்சூரன்ஸ் பற்றி எழுத ஆரம்பித்தால் இது முடியாது. எங்களுக்கும் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம், புதுப்பிக்க மாட்டோம் என்று கடிதம் அனுப்பியது, மலையே கண்ணில் படாத தெருவில். அது தனியாக எழுத வேண்டிய கதை.

இலவசப் பதிப்பே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். வருஷச் சந்தா கட்டினால் தீயணைப்பு விமானங்கள் எங்கே பறக்கின்றன என்பது போன்ற கூடுதல் வசதிகள் கிடைக்கும். எனக்கு அது அவசியமே இல்லை, இருந்தாலும் கட்டியிருக்கிறேன், ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ ஒருவர் ரேடியோவைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார் என்பதற்காக. ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் இருக்கிறது, ஆப் வேண்டாம் என்றால் வெப்சைட்டிலும் அதே மேப்பைப் பார்க்கலாம். கூடவே உங்கள் கவுண்டியின் அதிகாரபூர்வ எச்சரிக்கைக்கும் பதிவு செய்துவிடுங்கள், வெளியேறச் சொல்லும் அதிகாரம் அவர்களிடம்தான் இருக்கிறது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்கியிருந்தால், பகலில் நீங்கள் ஆபீஸ் போனபிறகு வீட்டில் இருப்பது அவர்கள்தான், அவர்களுடைய இங்கத்திய நம்பரையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.